குறை சொல்லாமல் இழுத்த கயிறு

ஓரகடம் ஆறுவழிச் சாலையில் கியர்பாக்ஸ் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஸ்ட்ரைக் முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய வாரம், சங்கத் தலைவர் நெல்லையப்பன் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கமாக எல்லோருடைய நிழலும் விழ ஆரம்பித்தது. அதே வாரம் தக்காளி விலையும் இறங்கியது. காலையில் சூரியன் கிழக்கே இருந்தால் நிழல் மேற்கே விழ வேண்டும் என்பது உலகம் அறிந்த ஏற்பாடு. ஆனால் நெல்லையப்பன் தெற்கே கேன்டீனில் உட்கார்ந்து இட்லி தின்றால், மொத்தக் கம்பெனியின் நிழலும் தெற்கே நீட்டிப் படுத்துக்கொண்டது. நிர்வாகம் கூடுதலாக டியூப்லைட் போட்டுப் பார்த்தது. ஆளுக்கு ஒன்றாக இருந்த நிழல் நான்காகி, நான்கும் சேர்ந்து அவர் பக்கம் திரும்பியதுதான் மிச்சம். மழைக்காலம் முடிவதற்குள் இது மண்ணூர், சேரப்பணஞ்சேரி வரைக்கும் பரவி, மின்கம்பங்கள், தண்ணீர் டேங்குகள், கோழிகள் எல்லாம் கட்சி சேர்ந்துவிட்டன. வல்லக்கோட்டையில் ஒரு எருமை மட்டும் கொஞ்ச நாள் பழைய முறைப்படி நிழல் விட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் வழிக்கு வந்தது. முருகன் கோயில் வாசலில் பூ விற்பவர்கள் கோழியின் நிழல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, ஷிப்ட் பஸ் எந்த வளைவில் வருகிறது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஒருநாளும் தப்பவில்லை, பஸ்தான் சில நாள் தப்பியது.

இப்படி ஆனதற்கு நெல்லையப்பன் எதுவும் செய்யவில்லை. வேலையை விட்டு நிறுத்திய டிரெய்னி பையன்களைத் திரும்பச் சேர்க்கும்வரை கேட்டை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆடிக் காற்றில் பந்தல் பிய்ந்து படப்பையில் போய் விழுந்தது, அவர் நகரவில்லை. பையன்கள் உள்ளே போன அன்று நடந்த கூட்டத்தில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளை அந்தப் பையன்களின் தோளுக்கே மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூர்க் கடைகளில் பொன்னாடை தீர்ந்து, காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பும்படி ஆயிற்று. கைதட்டல் அடங்கியபோது நிழல்கள் திரும்பியிருந்தன. ஷிப்ட் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் சீட் சங்கத் தலைவருக்கு என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எந்தச் சட்டத்தையும்விட உறுதியாக இருந்தது. அதுவரை படியில் தொங்கிக்கொண்டே வந்த நெல்லையப்பனை அன்றுதான் அதில் உட்கார வைத்தார்கள். அவரை இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி உட்கார வைத்தவன், சங்கச் செயலாளர் பேச்சிராஜ்.

பேச்சிராஜும் நெல்லையப்பனும் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். மண்ணூரில் ஒரு மொட்டைமாடி அறையில் ஒரே ஸ்டவ்வில் சமைத்து, நெல்லையப்பனுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒரே பாயில் கிடந்தவர்கள். நெல்லையப்பனிடம் மக்கள் இருந்தார்கள் என்றால் பேச்சிராஜிடம் பேர் இருந்தது. அந்தப் பேர், மூடிகள் வரிசையாக நகர்ந்து வரும் லைனில் சம்பாதித்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு கயிறு தொங்கும். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் லைன் நின்றுவிடும். ஒரே ஒரு வழக்கம் உண்டு. இழுத்தவன் அங்கேயே நின்று, என்ன குறையைக் கண்டான் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் லைன் மறுபடி ஓடும். குறை பெரிதாகும்வரை காத்திருக்காதே, வரப்போகிறது என்று தெரிந்தாலே இழு என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். மற்றவர்கள் மாதத்துக்கு நாலு தடவை தப்பாக இழுத்துவிட்டு அசடு வழிவார்கள். பேச்சிராஜ் இழுத்து, குறை இல்லாமல் போனது கிடையாது. தான் முடுக்கிய திருகே சரியில்லை என்று தன் மேலேயே ஒருமுறை கயிற்றை இழுத்திருக்கிறான். அவன் கை மேலே போவதைப் பார்த்தாலே, கயிற்றைத் தொடுவதற்கு முன்பே மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பார்த்தவர்களே சொன்னது.

சங்கத் துணைத் தலைவர் மணிகண்டபிரபு சேரப்பணஞ்சேரிக்காரன். சோறு இறங்காமல் யோசிக்கிற ஒல்லியான மனுஷன். தலைவராக ஆகியிருக்க வேண்டியவன் தானே என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவன் பேச்சிராஜைத் தேடி வந்து, டீக்கடை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தான்.

"தலைவர் நல்லவருதான். நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? ஆனா என் நிழலு என் பேச்சக் கேக்க மாட்டுது பேச்சி. என் வூட்டு வாசல்ல நான் நிக்கிறேன், அது அவரு வூட்டப் பாத்துகினு கீது. இதுக்கு இன்னா பேரு?"

"அண்ணாச்சி இதுவரைக்கும் ஒரு தப்பும் செய்யலியே."

"இதுவரைக்கும். லைன்ல நீ இன்னா பண்ற? பீஸு ஒடையட்டும், அப்பால இழுக்கலாம்னா நிக்கிற?"

பேச்சிராஜுக்கு அன்றோடு குழப்பம் பிடித்தது. நெல்லையப்பனை நினைத்தால் பாசம் வந்தது. தன் நிழல் அவர் காலடியில் வாலாட்டுவதைப் பார்த்தால் பயம் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தபோது எதற்கு எது என்று தெரியவில்லை. மண்ணூரில் இறங்க வேண்டியவன் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் ஒரு தர்பூசணி வாங்கிக்கொண்டு திரும்பினான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். நிழலைப் பார்த்து மணி சொல்லும் பழக்கம் ஊரில் ஏற்கெனவே போயிருந்தது. இவனுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தும் மணி தெரியாமல் போயிற்று. அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் கயிறு. அதனால் அதையே பிடித்துக்கொண்டான்.

சங்க அலுவலகம் என்பது மண்ணூரில் கங்கம்மாளுக்குச் சொந்தமான ஒரு கடை அறை. முன்னால் இழுத்து மூடும் ஷட்டர், இரண்டு படி, பக்கத்தில் டீக்கடை. தலைவரை என்ன செய்வது என்று கமிட்டி கூடிய அன்று பேச்சிராஜ், லைனில் கழற்றிப் போட்ட பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து உத்தரத்துக் கொக்கியில் கட்டினான். துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டுத் தலைவரை இறக்கிவிடலாம் என்று மணிகண்டபிரபு சொன்னான். நிறுத்துவது என்றால் முகத்துக்கு நேரே நிறுத்த வேண்டும், ஒளிந்துகொண்டு அல்ல என்று பேச்சிராஜ் பிடிவாதமாக இருந்தான். அந்தக் காரியத்தில் அவனுக்கு நேர்மையாகத் தெரிந்தது அது ஒன்றுதான். நெல்லையப்பன் உள்ளே வந்ததும் அறையிலிருந்த நிழல்கள் எல்லாம் அவர் செருப்பருகே குவிந்தன. அவர் கயிற்றைப் பார்த்தார், புரிந்துகொண்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இழுத்தார்கள். உத்தரத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில் பேச்சிராஜ் கயிற்றில் கை வைத்தான்.

"ஏல பேச்சி, இழுக்கவன் குறையைச் சொல்லணும்லா. என்ன குறைலே?"

பேச்சிராஜ் தேடிப் பார்த்தான். ஒரே பாயில் கிடந்த அத்தனை வருஷத்தையும் தேடிப் பார்த்தான்.

"இப்ப ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இனிமே வரும்னு தோணுது."

நெல்லையப்பன் கோபப்படவில்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நான் போயி" என்று ஆரம்பித்து, எழுந்து, வாசல் பக்கம் திரும்பி, படியிறங்க வலது காலைத் தூக்கினார். பேச்சிராஜ் கயிற்றை இழுத்தான். அவர் நின்றுவிட்டார்.

இதில் கயிற்றைக் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் லைன் மேலே தொங்கிய கயிறு அது. சரியான கை இழுத்தால் எதிரே ஓடுவதை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. நெல்லையப்பன் ஒரு காலைத் தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி, ஷட்டருக்கு நேர் கீழே நின்றார். மூச்சு இருந்தது, உடம்பில் சூடு இருந்தது, அசைவு மட்டும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்தது, பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிரேன் வந்து முன் சக்கரம் எழும்பிப் போனதுதான் பலன். டாக்டர்கள் பார்த்துவிட்டு, இவருக்கு ஒன்றுமில்லை, நின்றுகொண்டிருக்கிறார் என்றார்கள். கங்கம்மாள் வந்து ஷட்டரை இழுத்துப் பார்த்தாள். அது அவர் தலையைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை.

"ஆளு நிக்கிறது நிக்கட்டும். ஷட்டர் துருப்புடிச்சா நான் யாரக் கேக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சங்க அலுவலகம் இரவும் பகலும் திறந்தே கிடந்தது.

நெல்லையப்பனின் மனைவி வேல்விழி போன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தினமும் ஷிப்ட் முடிந்து வந்து அவர் முகத்தைத் துடைத்து, வெயில் என்றால் குடை கட்டினாள், மழை என்றால் தார்ப்பாய் கட்டினாள். இழுத்தவன் குறையைச் சொன்னால்தான் லைன் ஓடும் என்பது அவளுக்கும் தெரியும். பேச்சிராஜ் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடினாள்.

"அண்ணே, ஒரு குறையைச் சொல்லுங்கண்ணே. குறட்டை விடுவாவ, அதச் சொல்லுங்க. ஈரத் துண்டக் கட்டில்ல போடுவாவ, அதச் சொல்லுங்க. நான் திருத்திக்கிடுதேன், ஆள விடுங்க."

பேச்சிராஜ் அதையெல்லாம் சொல்லிப் பார்த்தான். குறட்டை என்றபோது நெல்லையப்பனின் மீசை லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். பிறகு மணிகண்டபிரபு ஒரு வழி சொன்னான். நிர்வாகத்திடம் நெல்லையப்பன் கை நீட்டிக் காசு வாங்கினார் என்று சொல்லிவிடு. ஆளும் ஓடும், நாம் செய்ததும் சரி என்று ஆகும். பேச்சிராஜ் அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தான். அந்தச் சொல் தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. பொய் சொன்னால் அவர் அசைவார், ஆனால் காசு வாங்கிய ஆளாகவே அசைவார் என்று அவனுக்குத் தோன்றியது. பொய் சொல்லாவிட்டால் அவர் இப்படியே நிற்பார். எது நட்பு, எது துரோகம் என்று தெரியாமல், அவன் வேல்விழி கட்டிய தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதற்குள் ஊரில் வேறொரு சண்டை மூண்டது. "சரி, நான் போயி" என்பதற்குப் பிறகு தலைவர் என்ன சொல்ல வந்தார் என்பதுதான் சண்டை. நான் போயி ராஜினாமா எழுதுறேன் என்றுதான் சொல்ல வந்தார், அதனால் நான்தான் தலைவர் என்றான் மணிகண்டபிரபு. மைக் செட் வைத்திருக்கும் மண்ணூர் ஜோயல், சங்கத்துக்குக் கோஷம் போடுபவன், வாரம் ஒரு முடிவு வைத்திருந்தான். நான் போயி கலெக்டரப் பாக்கறேன் என்று ஒரு வாரம், நான் போயி இவனுங்கள ஒரு கை பாக்கறேன் என்று ஒரு வாரம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கொடி கிடைத்தது. திங்கட்கிழமை மணிகண்டபிரபுவுக்குக் கைதட்டியவர்கள் வியாழக்கிழமை ஜோயலுக்கு விசிலடித்தார்கள். வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டைக்கு வந்த பக்தர்கள், என்ன ஏதென்று கேட்காமல் நெல்லையப்பன் காலடியில் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். சங்கம் இரண்டாகி, நான்காகி, ஒரு கட்டத்தில் உறுப்பினரைவிடத் தலைவர்கள் கூடுதலாக இருந்தார்கள். மணிகண்டபிரபு ஒருநாள் துணிந்து டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் உட்கார்ந்தான். அவன் நிழல் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நீண்டு, பஸ் போகப்போக அதுவும் நீண்டு, ஓரகடத்திலிருந்து மண்ணூர்வரை சாலையில் கிடந்து, லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கும்படி ஆயிற்று. இந்தக் களேபரத்தில் டிரெய்னி பையன்களை நிர்வாகம் மறுபடியும் வெளியே அனுப்பியது. எந்தச் சங்கம் கேட்பது என்று முடிவாகாததால் யாரும் கேட்கவில்லை.

பேச்சிராஜ் தெருவில் நடந்தால் ஜோயல் மைக்கிலேயே விசாரிப்பான்.

"இன்னா செயலாளரே, வரும்னியே அந்தக் குறை வந்துச்சா? இல்ல, நாங்க இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணட்டுமா?"

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. நெல்லையப்பனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. பேச்சிராஜுக்குத் தலை முழுக்க நரைத்து, புருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஒருநாள் லைனில் ரத்னா கயிற்றை இழுத்தாள். ரத்னா அவனுக்கு அடுத்த இடத்தில் நின்று வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவள். லைன் நின்றது. குனிந்து மூடியைத் தடவிப் பார்த்தாள். தன் கையை அசைத்துப் பார்த்தாள். விரிசலும் கூடவே அசைந்தது. மண்ணூர்ப் பக்கமாகத் திரும்பியிருந்த அவளுடைய சுண்டுவிரல் நிழல்தான் வார்ப்பின் மேல் கோடாக விழுந்திருந்தது.

"குறை ஒண்ணும் இல்லபா, தப்பா இழுத்துட்டேன். விரிசலு இல்ல, நிழலு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். லைன் ஓடியது.

பேச்சிராஜ் கையிலிருந்த திருகைக் கீழே போட்டான். குறை இருந்தால் குறையைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். வழக்கத்தின் இந்த இரண்டாவது பாதி கடைநிலை டிரெய்னிக்குக்கூடத் தெரியும். ஒருநாளும் தப்பாக இழுக்காத பேச்சிராஜுக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டதே இல்லை. அவன் வாய் அதைச் சொல்லிப் பழகவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்று சொல்லிப் பார்த்தான்; முதல் இரண்டு சொல்லுக்குமேல் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டால், பேச்சிராஜ் இழுத்தால் குறை இருக்கும் என்ற பேர் அன்றோடு போயிற்று. ஊரைவிட்டு வந்தபிறகு அவன் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

மாலை ஷிப்ட் விடும் நேரத்துக்கு மண்ணூரில் போய் இறங்கினான். ஜோயல் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தான். மணிகண்டபிரபு எதிர்ப்பக்கம் தன் கொடியோடு நின்றான். வேல்விழி குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாலு சங்கத்து ஆட்களும் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சிராஜ் நேராக அறைக்குள் போய், கொக்கியில் தொங்கிய கயிற்றுக்குக் கீழே நின்றான்.

"இன்னாத்த சொல்லப் போற? நம்ம எல்லார் மானமும் போவும் பேச்சி, யோசிச்சுக்கோ" என்றான் மணிகண்டபிரபு.

"யோசிச்சுத்தான இந்தக் கதிக்கு வந்தோம்" என்றான் பேச்சிராஜ். பிறகு தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னான். "குறை இல்ல. நான் தப்பா இழுத்துட்டேன். நிழலப் பாத்து விரிசல்னு நெனச்சுட்டேன்."

நெல்லையப்பனின் வலது கால் படியில் இறங்கியது.

"டீ சொல்லிட்டு வாரேன். எத்தன பேருக்குலே?" என்றார்.

இரண்டு வருஷமாக நாலு கொடி பிடித்த சண்டைக்கு முடிவு அதுதான். ஜோயல் மைக்கை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்துவிட்டான். நெல்லையப்பன் படியில் கிடந்த தேங்காய் ஓட்டைப் பார்த்தார், தன் தலைக்கு மேலிருந்த குடையைப் பார்த்தார், பேச்சிராஜின் நரைத்த புருவத்தைப் பார்த்தார். வேல்விழி அவர் முகத்தைத் துடைத்த துணியாலேயே அவரை முதுகில் இரண்டு போடு போட்டாள்.

"டீ சொல்ல ரெண்டு வருசமா உங்களுக்கு?" என்றாள். பிறகு அழுதாள்.

எல்லோருக்கும் டீ வந்தது. பாதி குடித்த பிறகுதான் நிழல்களைக் கவனித்தார்கள். அவை நெல்லையப்பனை விட்டிருந்தன. கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் தெருவில் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பேச்சிராஜ் நிற்கும் பக்கம் தலைவைத்துப் படுத்தன. பேச்சிராஜ் இடப்பக்கம் நகர்ந்தான், அவையும் நகர்ந்தன. டம்ளரை வைத்துவிட்டு டீக்கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்; ஊர் நிழல் முழுக்க டீக்கடையைச் சூழ்ந்தது. ஒரு பேரைத் தொலைக்க வந்த இடத்தில் இது என்ன என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் வெளியே வந்தபோது, மணிகண்டபிரபு கொக்கியில் தொங்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சிராஜும் அதைப் பார்த்தான். உள்ளே போய் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, நெல்லையப்பனின் கையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இது உங்ககிட்ட இருக்கட்டும். ஒருநாள் என்னை நிறுத்த வேண்டி வரும்."

நெல்லையப்பன் கயிற்றின் கனத்தைக் கையில் ஆட்டிப் பார்த்தார்.

"குறை தெரிஞ்சா இழுப்பேன்லே. தெரிஞ்ச பொறவு இழுப்பேன். வரும்னு தோணுதுன்னு இழுக்க மாட்டேன்."

மறுநாள் நாலு சங்கமும் ஒன்றாகி, டிரெய்னி பையன்களுக்காகக் கேட்டில் உட்கார்ந்தார்கள். இந்த முறை பந்தலைக் கிரேனில் கட்டியிருந்தார்கள். பையன்கள் உள்ளே போனார்கள். இப்போது டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் பேச்சிராஜ் உட்கார்ந்து வருகிறான். அவனுக்கு நேர் பின்சீட்டில் நெல்லையப்பன், மடியில் கயிறு. பேச்சிராஜ் அவ்வப்போது திரும்பி அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொள்வான். மணிகண்டபிரபு மூன்றாவது சீட்டிலிருந்து எட்டி அதையேதான் பார்க்கிறான். நெல்லையப்பன் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார். குறட்டை ஓரகடம் பாலம்வரை கேட்கும். வல்லக்கோட்டையில் கோழியின் நிழல் தெற்கே திரும்பினால் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது என்று பூக்காரர்கள் கூடையை ஓரமாக நகர்த்தி வைக்கிறார்கள்.